சித்தாராவின் பதினாறடிச் சுவர்

ஐயம்பேட்டையில் நசீருதீன் கட்டிய வீட்டின் கூடத்தில் ஒரு மொட்டைச் சுவர் இருந்தது. பதினாறடி நீளம், பத்தடி உயரம். பின்னால் பக்கத்து வீட்டுக்காரரின் கிடங்கு என்பதால் ஜன்னல் வைக்க வழியில்லை. குடிவந்த நாளிலிருந்து பார்த்தவர்களெல்லாம் அந்தச் சுவருக்கு யோசனை சொன்னார்கள். அருவிப் படம் ஒட்டு என்றார் ஒருவர். ஷோகேஸ் அடித்துக் கண்ணாடி டம்ளர் அடுக்கு என்றார் இன்னொருவர். வேலூரிலிருந்து நாத்தனார் தாம்பாளம் அளவுக்கு ஒரு கடிகாரத்தையே அனுப்பிவிட்டாள். நசீருதீனின் மனைவி சித்தாரா அதை வாங்கிச் சமையலறையில் மாட்டினாள்.

"அந்தச் செவுத்த நான் பாத்துக்கறேன். யாரும் கை வைக்காதீங்க" என்றாள். சாதாரணமாக அதிர்ந்து பேசாதவள். அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நசீருதீனுக்குத் தொழில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது. கட்டம் போட்ட கிராப் தாளில் அவர் வரைந்து தருவதைப் பார்த்து, வரிக்கு ஒரு அட்டையாகத் துளை குத்துவது சித்தாராவின் வேலை. அந்த அட்டைக் கோவையைத் தறிக்கு மேலே தொங்கவிட்டால், துளை இருக்கும் இடத்தில் இழை தூக்கும். புடவையில் பூ விழும். ஒரு துளை பிசகினால் மயிலுக்குக் கண் போய்விடும். இருபத்திரண்டு வருஷத்தில் சித்தாரா குத்திய அட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அப்படி ஒரு கை, அப்படி ஒரு பொறுமை. "பீவிம்மா குத்துன அட்டையா? கண்ண மூடிக்கினு தறியில ஏத்தலாம்பா" என்பார் பிள்ளையார்பாளையத்து நெசவாளி கலியன். அவர் லேசில் யாரையும் மெச்சுகிறவர் இல்லை.

ஆனால் சித்தாராவுக்கு ஓர் ஆசை இருந்தது. சொந்தமாக ஒரு டிசைன். கல்யாணமான புதிதில் ஒரு மாதுளம்பூ வரைந்து கணவரிடம் காட்டினாள். அவர் தாளை வாங்கி அக்கறையாகத்தான் பார்த்தார். "கை நல்லாத்தான் இருக்குது. ஆனா டிசைன் வேற, அட்டை வேற சித்தாரா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நசீருதீன் தங்கமான மனிதர், அதுதான் தொல்லை. எரிந்து விழுந்திருந்தால் இவளும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அன்பாகச் சொன்னதால் பதில் சொல்ல வழியில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், ரம்ஜானுக்கு ஒரு மாதம் முன்பு, வீட்டுவேலைக்கும் அட்டை வேலைக்கும் நடுவில் கிடைத்த நேரத்திலெல்லாம் கிராப் தாளை எடுத்து உட்கார்ந்தாள். இடது கீழ் மூலையில் கிளம்பி வலது மேல் மூலை வரை போகும் ஒரே கொடி. அதில் மாங்காய், மாதுளம்பூ. புடவைக்கென்றால் அன்னமும் யாளியும் ஆயிரம் போடுவார்கள். வீட்டுச் சுவரில் உயிருள்ள உருவம் வைப்பது அவர்கள் வழக்கமில்லை. குறுக்கே தொண்ணூற்றாறு கட்டம், உயரத்தில் அறுபது. சுவரிலும் நூல் பிடித்து இரண்டு அங்குலச் சதுரங்களாகக் கோடு அடித்தாள். தாளில் ஒரு கட்டம், சுவரில் ஒரு கட்டம். நோன்பு வைத்துக்கொண்டே நாலு நாளில் கொடி முழுவதையும் அரக்கு வர்ணத்தில் கோட்டுருவமாக வரைந்து முடித்துவிட்டு, பின்னால் நகர்ந்து வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

கல்லூரியிலிருந்து வந்த மகள் அம்பரீன் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அம்மி, இது மாங்காவா, பீர்க்கங்காவா?"

பீர்க்கங்காயேதான். பூக்கள்கூடக் கழுத்து நீண்டு தொங்கின. தறியில் பட்டுச்சேலையின் குறுக்கிழையை அடித்து அடித்து இறுக்குவார்கள். அதனால் தாளில் நெட்டையாகப் போட்டால்தான் துணியில் அளவாக வரும். அந்த நெட்டை உருவங்களையே இருபத்திரண்டு வருஷம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவைதான் சரியான உருவம். கை அப்படியே போட்டுவிட்டது.

நசீருதீன் வந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "தறிக் கணக்க செவுத்துக்குப் போட்டுட்டியா? செவுரு இன்னா இறுகிக் குடுக்குமா?" பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சரி வுடு. பெருநாளுக்கு எட்டு நாள் இருக்குது. வெள்ளையடிச்சுடு. நான் ஒண்ணு வரைஞ்சு தர்றேன், நீ பெயிண்ட் மட்டும் அடி."

அந்த 'மட்டும்' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வேலூர்க்காரர்கள் எட்டு நாளில் வந்து நிற்பார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் தப்பும், சுவர் அவருடையதாகிவிடும்.

"வேணாங்க" என்றாள்.

மறுநாள் நசீருதீன் போட்ட பழைய கிராப் ஒன்றையும், அதை வைத்து நெய்த புடவையையும் தரையில் விரித்து, அளவுகோலோடு குனிந்தாள். அகலத்தோடு ஒப்பிட்டால், தாளில் நாலு கட்ட உயரம் துணியில் மூன்று கட்ட அளவுக்கு இறங்கியிருந்தது. மூன்று பூவை அளந்தாள்; மூன்றிலும் அதே கணக்கு. அப்படியானால் கொடியில் பிழையில்லை, சுவரில் அடித்த கட்டத்தில்தான் பிழை. தறி செய்யும் வேலையைச் சுவருக்கு நாமே செய்து கொடுத்தால் தீர்ந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், வெறும் அளவுகோலை வைத்துக்கொண்டு அவள் இதைக் கண்டுபிடித்தாளே, அதற்கே கையெடுத்துக் கும்பிடலாம்.

தன் கையாலேயே வெள்ளையடித்தாள். அம்பரீன் நூலின் மறுமுனையைப் பிடிக்க, இரண்டு அங்குல அகலம், ஒன்றரை அங்குல உயரம் என்று கட்டங்களைத் திரும்ப அடித்தாள். கொடி இப்போது ஏழரை அடி உயரம்தான் வந்தது. கீழே இரண்டரை அடியைச் சும்மா விட்டாள். வருகிறவர்கள் தலையெண்ணெயோடு சாய்ந்துகொள்ள இடம் வேண்டாமா? அரக்கும் கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளும் ஏற ஏற, மாங்காய் மாங்காயாகவே உருண்டு நின்றது. மூன்றாம் நாள் ஏணி ஆடியபோது நசீருதீன் ஓடிவந்து பிடித்தார். பிடித்தவர் சிரிக்கவில்லை. அவள் இறங்கும்வரை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

பெருநாளன்று கூடம் நிறைந்துவிட்டது. நாத்தனார் கடிகாரத்தைப் பற்றிக் கேட்கவே மறந்துபோனாள். பிரியாணிக்கு வந்த கலியன் மட்டும் உட்காராமல் சுவரருகே போய், விரலால் வரிவரியாக எண்ணிப் பார்த்தார்.

"பாய், இத்தினி நாளா இந்த டிசைன என் கண்ணுல காட்டலியே! இத முந்தானையில வெச்சா எப்படி இருக்கும் தெரியுமா? எனக்கு அட்டை போட்டுக் குடு பாய்."

நசீருதீன் தட்டைக் கீழே வைத்தார். "என் டிசைன் இல்ல கலியா. சித்தாரா போட்டது. நீ அவளத்தான் கேக்கணும்."

சித்தாரா தால்ச்சாக் குழம்பு வாளியோடு பந்தியில் நின்றிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை, அத்தனை பேர் முன்னால், அவர் வாயாலேயே வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுதுவிடுவாளோ என்று அம்பரீன் பயந்தாள்.

சித்தாரா அழவில்லை. வாளியை இறக்கிவைத்தாள்.

"தர்றேண்ணே. கிராப்பு தறிக் கணக்குலதான் இருக்குது, ஒரு கட்டம்கூட மாத்த வேணாம். ஆனா அட்டை நான் குத்த மாட்டேன். டிசைன் போட்டவங்க அட்டை குத்தற வழக்கம் எங்க வீட்ல இல்ல."

சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தாள். ஒரு நொடி விழித்த நசீருதீன் வெடித்துச் சிரித்தார். கூடமே சேர்ந்து சிரித்தது.

நாலாம் நாள் காலை அவர் அட்டை குத்தும் பலகைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே அவருடைய நாற்காலியில், பென்சிலோடு சித்தாரா. மொத்தம் அறுபது அட்டை. முதல் அட்டையைக் குத்தி முடித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இரண்டு துளை தப்பு. புது அட்டை ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.