அண்ணை அனுப்பிய முட்டைப் பந்து

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று விசாரித்தவர்களுக்கு நன்றி. போன ஞாயிற்றுக்கிழமை ரொக்ஸ்பரோவில் எங்கள் தெரு மூலையில் இருக்கும் டெப்பனர் கடையில் பால் எடுக்கப் போனபோது, வாசகி ஒருவர் வழிமறித்தே கேட்டுவிட்டார்.

"என்ன தங்கச்சி, எழுதுறதை விட்டிட்டீரோ? ஏதும் வருத்தமோ?"

வருத்தம்தான். ஆனால் காய்ச்சல், தடிமன் வகை இல்லை. மகளை விமானம் ஏற்றிவிட்டு வந்திருந்தேன்.

"எங்க, ரொறன்ரோவுக்கோ?"

"இல்லை அக்கா. மெல்பேணுக்கு. புட்போல் விளையாட."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பதினைந்து வயதுப் பெட்டை. கனடாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு. அதுவும் புட்போல் விளையாட! பாவம், அவருடைய முகத்தில் அடுத்த கேள்வி எதுவென்றே தெரியாத தவிப்பு. எனக்கும் பால் பெட்டியைப் பிடித்துப் பிடித்துக் கை விறைத்துவிட்டது. டெப்பனர் வாசலில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. அதனால் இங்கே சொல்கிறேன்.

மகளின் பெயர் அபிரா. அவளுடைய எட்டாவது பிறந்தநாளுக்கு மெல்பேணிலிருந்து என் அண்ணை ஒரு பார்சல் அனுப்பினார். திறந்தால் சிவப்புத் தோலில் ஒரு பந்து. உருண்டை இல்லை... முட்டை மாதிரி நீண்டு கிடந்தது. என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா இது, வாற வழியில நசிஞ்சு போச்சுதோ?"

அண்ணை எனக்கு இருக்கும் ஒரே கூடப்பிறப்பு. அம்மா, அப்பா இல்லை. நான் கல்யாணம் கட்டி மொன்றியலுக்கு வந்தபின், சில வருடங்களில் அவர் படகேறி அவுஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். நெடுங்காலம் சரியான வதிவிடப் பேப்பர் இல்லை. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. "பேப்பர் வரட்டும், பேந்து பாப்பம்" என்று கல்யாணத்தைத் தள்ளித் தள்ளி, பேப்பர் வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தேழு.

பேப்பர் வந்ததும் முதல் வேலையாகக் கனடாவுக்கு விசா கேட்டார். மறுத்துவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? அவரைத் திரும்பிப் போகவைக்கிற குடும்பம் எதுவும் அவுஸ்திரேலியாவில் இல்லையாம்! குடும்பத்தைப் பார்க்கத்தான் அந்த மனிதர் விசாவே கேட்டது.

நான் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு வருடம் மகனின் பிரசவம். ஒரு வருடம் வீடு மாறினோம். பிறகு நான் வேலை செய்கிற கார்டெரியில், அதுதான் பிள்ளைக் காப்பகத்தில், லீவு தரவில்லை. பிறகு கோவிட். "அடுத்த வருசம் கட்டாயம், அண்ணை" என்று சொல்லிச் சொல்லியே பதினேழு வருடம் போய்விட்டது.

தனிமையில் இருந்தவரை, கூட வேலை செய்கிறவர்கள் ஒரு சனிக்கிழமை அவுஸ்திரேலியப் புட்போல் பார்க்க மைதானத்துக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். போனில் சொன்னார்: "வசி, அவ்வளவு சனமும் ஒண்டா நிண்டு கத்துது. நானும் கத்துறன். ஒருத்தரும் என்னட்டை நீ ஆர், எப்ப வந்தனீ எண்டு கேக்கேல்ல."

அந்த ஆட்டத்தின் பந்துதான் மருமகளுக்கு வந்தது.

எங்களுக்குப் பக்கத்தில், பியர்போண்ட்ஸில் ஒரு பார்க். நானும் அபிராவும் அந்தப் பந்தை எப்படி உதைப்பது என்று தெரியாமல் ஒரு மாலை திண்டாடிக்கொண்டிருந்தோம். நாயோடு நடந்து வந்த ஒரு பெண் திடீரென்று எங்களை நோக்கி ஓடி வந்தார். நாய் ஏதோ செய்துவிட்டது என்றுதான் நான் பயந்தேன்.

"இந்தப் பந்து உங்களுக்கு எங்கே கிடைத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் பெயர் ஜெனி. அவுஸ்திரேலியாக்காரி. கியூபெக் மனிதரைக் கல்யாணம் செய்து கர்க்லாண்டில் குடியிருக்கிறார். பந்தில் கால் படும் சத்தம் கேட்டதாம்... எட்டு வருடமாகக் கேட்காத சத்தம். பந்தை வாங்கி மூக்கில் வைத்து முகர்ந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொழும்பிலிருந்து யாராவது கொண்டுவரும் கறித்தூள் பையைத் திறந்து நானும் அப்படித்தானே முகர்கிறேன்?

அடுத்த சனிக்கிழமையே ஜெனி பயிற்சி தொடங்கினார். அபிராவோடு சேர்த்து நான்கு பிள்ளைகள். பிறகு ஏழு. அதிகம் போனால் பதினொன்று. அல்ஜீரியப் பிள்ளைகள், ஹெயிட்டிப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள். பிரெஞ்சில் கத்திக்கொண்டு அவுஸ்திரேலிய ஆட்டம்!

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், பிடித்துக்கொண்டு ஓடலாம். ஆனால் எறியக்கூடாது. ஒரு கையில் வைத்து மறு கை முட்டியால் குத்தித்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி. கொஞ்சம் தவறி ஓரத்துக் கம்பங்களுக்குள் போனாலும் ஒரு புள்ளி உண்டு. தவறவிட்டவருக்கும் ஏதோ கொடுக்கிற ஆட்டம்... அது ஒன்றுக்காகவே எனக்குப் பிடித்துப்போனது.

மைதானம் கிடைப்பது பெரும்பாடு. உருண்டைப் பந்துச் சொக்கர் அணிகள் விட்ட நேரம்தான் எங்களுக்கு. ஏப்ரல் வரைக்கும் ஸ்னோ. குளிர்காலத்தில் பள்ளிக்கூட ஜிம். அபிரா இடது காலால் உயர உதைத்தால் பந்து கூரை விளக்கில் போய் மோதும். ஆனால் அவள் குதித்துப் பந்தைப் பிடிக்கும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். மற்றவர்கள் கீழே இறங்கிவிடுவார்கள். இவள் மட்டும் இன்னும் மேலே நிற்பாள்.

சரி, பழகியாயிற்று. யாரோடு விளையாடுவது? ஒட்டாவாவுக்கு இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். அங்கேயும் சில சமயம் ஆள் சேராது. ஏழு வருடத்தில் என் மகள் ஆடிய உண்மையான ஆட்டங்கள் பதினொன்று. எண்ணி வைத்திருக்கிறேன்.

ஒருநாள் ஜெனி சொன்னார்: "நான் சொல்லிக்கொடுக்க இனி ஒன்றும் இல்லை. இவளுக்கு இப்போது வேண்டியது இவளைத் தோற்கடிக்கும் பிள்ளைகள். அவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

திறமை எங்கேயும் பிறந்துவிடுகிறது. எதிராளிதான் எல்லா ஊரிலும் பிறப்பதில்லை.

ஜெனி ஒரு வீடியோ எடுத்து மெல்பேணுக்கு அனுப்பினார். அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று வாரப் பயிற்சி முகாம் நடக்கிறது. போன கோடையில் அபிராவைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போவதாக முடிவு. அண்ணைக்குச் சொன்னபோது, எந்தப் பிளேன், எத்தனை மணிக்கு என்று மூன்று தரம் கேட்டார்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. என் கணவரின் முழங்கால் ஒப்பரேஷன். இரண்டு வருடமாக வரிசையில் காத்திருந்தோம். எந்த வாரம்? நாங்கள் பறக்கவேண்டிய அதே வாரம்! "நீர் போம், நான் சமாளிப்பன்" என்றார், சுவரைப் பிடித்து நடந்துகொண்டே. எப்படிப் போவது?

அபிரா தனியே போனாள்.

முகாமில் நடந்த முதல் ஆட்டம். இங்கே சனிக்கிழமை மாலை, அங்கே ஞாயிறு காலை. அண்ணை வீடியோவில் எடுத்தார். வழக்கமாக அவர் குரலில் மட்டும்தான் பேசுவார். "கமெரா சரியில்லை" என்பார். அன்றைக்குப் போன் ஆடியது. புல், வானம், யாரோ ஒருவரின் சப்பாத்து... நடுவில் அபிரா பந்தோடு ஓடுகிறாள். "போ மோனை! போ! அடி!" என்று அண்ணை கத்துகிறார். கத்தியதில் விரல் எங்கேயோ பட்டு, கமெரா அவர் பக்கம் திரும்பிவிட்டது.

தலை முழுவதும் நரைத்திருந்தது. முன்பல் ஒன்று இல்லை. அப்பாவைப் போலவே இருந்தார். அவருக்குத் தெரியாது, நான் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது. மகள் கோல் அடித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முகாம் முடிகிற வாரம் பயிற்சியாளர்கள் சொன்னது இதுதான்: உதை நன்று, பிடி மிக நன்று. ஆனால் பந்து அடுத்து எங்கே வரும் என்ற கணக்கு அவளிடம் இல்லை. அது ஆடி ஆடித்தான் வரும். ஒரு வருடம் இங்கே தங்கிப் பள்ளிக்கூட அணியில் ஆடட்டும், பிறகு பார்க்கலாம்.

அன்றே அண்ணை எடுத்தார். "வசி, ஒண்டு கேக்கவோ? கோவிக்கக்கூடாது. பிள்ளையை ஒரு வருசம் என்னட்டை விடுவியோ?"

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஒப்பரேஷன் முடிந்த மனிதரைத் தூக்கி இருத்திய களைப்பாக இருக்கலாம். பயமாகவும் இருக்கலாம்.

"உங்களுக்குப் பிள்ளை வேணுமெண்டால், நேரத்துக்குக் கட்டியிருக்கலாமே அண்ணை!"

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து போன சொல்.

"ஓம்... அதுவும் சரிதான்" என்றார். போனை வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

நான்கு நாள் கழித்து அபிரா வந்து இறங்கினாள். இந்தச் சண்டை எதுவும் அவளுக்குத் தெரியாது. விமான நிலையத்திலிருந்து வரும்போது காரில் வாய் ஓயவில்லை. மாமா கோழிக்கறி காய்ச்சி அணிக்கே கொண்டுவந்தாராம். ரெண்டு பிள்ளைகள் உறைப்பில் அழுதார்களாம்.

"அம்மா, மாமா வீட்டில ரெண்டு ரூம். நான் இருந்த மற்ற ரூமில புது மெத்தை. பிளாஸ்ரிக்கும் கழட்டேல்ல. நான் வாறதெண்டு வாங்கினது எண்டு நினைச்சன். இல்லையாம். நீங்கள் வருவீங்கள் எண்டு எப்பவோ வாங்கி வைச்சதாம். நான் படுத்தாப் பிறகும் கழட்டேல்ல. மேல துணி விரிச்சுத்தான் தந்தவர். நான் திரும்பித் திரும்பிப் படுக்க 'சரக் சரக்' எண்டு சத்தம்." சிரித்தாள். நான் காரைத் தெரு ஓரமாக நிறுத்தினேன்.

"அம்மா, நான் திரும்பிப் போகவேணும்."

"விளையாடவோ, மாமாவுக்காகவோ?"

யோசித்தாள். அவசரமாகப் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"சே பா, அம்மா..." பிரெஞ்சில் தொடங்கித் தமிழுக்கு வந்தாள். "தெரியேல்ல. ரெண்டையும் பிரிக்கத் தெரியேல்ல."

அன்று மாலையே அண்ணைக்கு எடுத்தேன். மூன்றாவது தரம்தான் எடுத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் யாரிடம் யார் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம்?

"அண்ணை, அந்த மெத்தையின்ர பிளாஸ்ரிக்கைக் கழட்டுங்கோ. பிள்ளை ஒரு வருசம் படுக்கிறதெண்டால் நித்திரை கொள்ள வேண்டாமோ?"

போனோடு அவர் நடந்து போகிற சத்தம். பிறகு பிளாஸ்ரிக் கிழிகிற சத்தம் கேட்டது. நீளமாக, ஒரே இழுவையில்.

இப்படித்தான் இந்த ஜனவரியில் அபிரா போனாள். விமான நிலையத்துக்கு ஜெனியும் வந்திருந்தார். சனிக்கிழமை ஜிம்மில் இனிப் பத்துப் பிள்ளைகள்தான். "இதற்காகத்தானே பழக்கினேன்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அவர் அழுதது போகிற பிள்ளைக்காகவா, தான் போக முடியாத ஊருக்காகவா... நான் கேட்கவில்லை.

வீடு அமைதியாக இருக்கிறது. சாப்பாட்டுக் கோப்பையை இன்னும் நான்காகத்தான் எடுக்கிறேன். ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். அவள் அங்கே தேறுவாளா? முதல் வாரமே இரண்டாம் அணியில் போட்டுவிட்டார்களாம். "அம்மா, எல்லாரும் என்னைவிடக் கெட்டிக்காரர்!" என்று சந்தோஷமாகச் சொல்கிறாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

நேற்று மாலை அண்ணை எடுத்தார். வீடியோவில். எடுத்ததுமே பாய்ந்தார்.

"இவள் கத்தரிக்காய் தின்னமாட்டாள் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்ல நீ? சட்டி நிறையப் பால்கறி வைச்சிட்டு இருக்கிறன்!"

"கேட்டனீங்களோ? கேட்காம வைச்சால் அது என்ர பிழையோ?"

"சின்னனிலயும் நீ இப்பிடித்தான், வசி. எல்லாத்துக்கும் மறுகதை!"

"நீங்கள் மட்டும் என்னவாம்?"

பக்கத்து அறையிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, அண்ணையோட சண்டையோ?"

"ஓம்," என்றேன். "கதவைச் சாத்துங்கோ. பதினேழு வருசத்துச் சண்டை பாக்கி கிடக்கு!"