உறுமலை நிறுத்தியவர்

பட்டன் வீட்டைவிட்டுப் போனது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கல் அறுக்கும் பட்டறையிலிருந்து வந்த வேனின் பின்கதவைத் திறந்ததும் அந்த நாய் தானாகவே ஏறி, ஓரத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது. குரைக்கவில்லை. முரண்டு பிடிக்கவில்லை.

"கடிக்கிற நாய்ன்னு சொன்னீங்க? பச்சப்புள்ள மாதிரி ஏறுது!" என்றார் வேன் ஓட்டுநர்.

அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சங்கிலி மாஸ்டர். நாய்களைப் பழக்குவதுதான் மாஸ்டரின் தொழில். பட்டனைப் பழக்கியவரும் அவர்தான். அது கடித்துவிட்டது என்றதும், பட்டறைக்குக் காவல் நாய் வேண்டுமாம் என்று இடம் பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அன்று அவர் தூறலுக்கு ஒதுங்குகிறவர்போல வீட்டுக்குள் போய்விட்டார். வெளியிலேயே நனைந்திருக்கலாம்.

அது தையல்காரம்மாவின் வீடு. முன்னறை முழுக்கத் துணியும் அளவு எழுதிய சீட்டுகளும். மேசைக்கு அடியில் நாயின் தட்டை யாரோ கவிழ்த்து வைத்திருந்தார்கள். மிஷினுக்குப் பின்னால் தையல்காரம்மாவின் அக்கா மகள் நின்றாள். எட்டு வயது. விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்கு வந்தவள். இடது கன்னத்தில் கட்டு, அதற்குள் ஐந்து தையல். கடிபட்ட நாளிலிருந்து அவள் ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"அது உறுமவே இல்ல சித்தி. சும்மாத்தான் இருந்துச்சு."

"ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் தகவல் கேட்டு ஓடி வந்திருந்த அவள் அம்மா. "எந்த நாய் உறுமாம கடிக்கும்? தட்டுல கையை விட்டிருப்ப. அது உறுமியிருக்கும். உனக்குத்தான் யார் சொன்னாலும் காதுல ஏறாதே!"

தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தார். "நாலு வருஷமா புள்ள மாதிரி வளத்தேன். நீங்களே சொல்லுங்க மாஸ்டர். உறுமாம கடிக்குமா?"

மாஸ்டர் தரையில் கிடந்த நூல் துணுக்குகளைப் பார்த்தார்.

"சாப்பிடற நாய்கிட்ட குழந்தைங்க போகக் கூடாதும்மா," என்றார். "அது உறுமித்தான் இருக்கும். பாப்பா கவனிச்சிருக்காது."

முதலில் சொன்னது உண்மை. அடுத்துச் சொன்னது பச்சைப் பொய். பொய் என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருத்தி கன்னத்தில் கட்டுப் போட்டிருந்தாள். அவள் அழவில்லை, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிஷினின் சக்கரத்தை விரலால் சுற்ற ஆரம்பித்தாள். அன்றைக்கு அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பட்டன் உறுமியிருக்காது என்று அவருக்கு எப்படித் தெரியும்? உறுமலை நிறுத்தியதே அவர்தானே. மூன்று மாதத்துக்கு முன்பு, "தட்டுப் பக்கம் போனாலே உறுமுது மாஸ்டர்" என்று தையல்காரம்மா கூப்பிட்டிருந்தார். மாஸ்டருக்கு அது ஊதித் தள்ளுகிற வேலை. இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியை மாட்டினார். தட்டை வைத்தார். கிட்டே போனார். உறுமினால் ஒரு சுண்டு. மறுபடி உறுமினால் இன்னும் பலமாக. மூன்றே வாரத்தில் பட்டன் வாயை மூடிக்கொண்டது. முதல் நாளையும் கடைசி நாளையும் கைபேசியில் படம் பிடித்து, இரண்டையும் ஒட்டி, தெரிந்தவர் தெரியாதவருக்கெல்லாம் அனுப்பினார். அந்த ஒரு நிமிடப் படத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் தேடி வந்தார்கள். சங்கிலி மாஸ்டர் என்ற பெயரும் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

உறுத்தியதா என்றால், உறுத்தியது. செருப்புக்குள் புகுந்த பொடிக்கல் அளவுக்கு. பட்டறை இருக்கும் சாலையை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் போகப் பழகினார். தையல்காரம்மாவின் தெருவிலிருந்து கூப்பிட்டவர்களுக்கு "நேரம் இல்ல" என்றார். மற்றபடி ஐந்து வருடம் சங்கிலியும் கையுமாகவே ஓடியது.

பிறகு ஒருநாள், தொலைபேசி உதவி மையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் கூப்பிட்டாள். சக்கர நாற்காலியில் இருப்பவள். அவளுடைய நாய் கன்றுக்குட்டி உயரம்; வருகிறவர் மேலெல்லாம் தாவியது. மாஸ்டர் பையிலிருந்து சங்கிலியை எடுத்ததும் அவள் கையமர்த்தினாள்.

"மாஸ்டர், ஒரு டம்ளரையே நான் ரெண்டு கையாலதான் தூக்குறேன். இதை இழுக்கிற தெம்பு எனக்கு இல்ல. இழுக்காம சொல்லிக் குடுக்கத் தெரியுமா?"

"இழுக்காம எந்த நாய் கேக்கும்?"

"நாய் கேக்குமாம், படிச்சேன். மாஸ்டர்தான் கேக்க மாட்டேங்கறீங்க," என்று சிரித்தாள். "கோவிச்சுக்காதீங்க. தெரிஞ்சுக்கிட்டு வாங்க. நான் எங்கயும் ஓடிடப் போறதில்ல."

சுருக்கென்று தைத்தது. ரோஷத்தோடுதான் அவர் கால்நடை மருத்துவர் ஒருவர் நடத்திய வகுப்பில் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தாறு வயதில் கடைசி பெஞ்சு. இரண்டாம் நாள் அந்த மருத்துவர் சொன்னார்: "உறுமறது கெட்ட குணம் இல்ல. 'பயமா இருக்கு, தள்ளிப் போ'ன்னு நாய் நமக்குச் சொல்லுது. அதை அடிச்சு நிறுத்தினா பயம் போகாது. சொல்றது மட்டும்தான் நின்னுபோகும். அப்புறம் சொல்லாமக் கொள்ளாம கடிதான்."

இடைவேளையில் மாஸ்டர் கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அந்தப் பழைய படத்தைத் திறந்தார். கடைசி நாள் பட்டனைப் பார்த்தார். காது பின்னால் ஒட்டிக் கிடந்தது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. உடம்பு மரக்கட்டை. தின்னாமல் உதட்டையே நக்கிக்கொண்டிருந்தது. இதைத்தான் ஊருக்கெல்லாம் அடக்கம் என்று காட்டியிருந்தார்.

அதற்குப் பின் சங்கிலியை அவர் தொடவில்லை. அந்தப் பெண்ணின் நாய்க்கு, நாலு காலும் தரையில் இருக்கும் நொடியில் ஒரு துண்டு வேகவைத்த கோழி கிடைத்தது. தாவினால் ஒன்றும் கிடைக்கவில்லை. செய்தது சரி என்று நாய்க்குச் சொல்ல 'டிக்' என்று ஒலிக்கும் சின்னப் பெட்டியை அழுத்த அவள் விரலுக்கு வலு இல்லாததால், நாக்கைத் தட்டிச் சத்தம் எழுப்பச் சொல்லிக் கொடுத்தார். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். மூடிக் கிடந்த ஒரு இரும்புக்கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் ஞாயிறு காலை வகுப்பு தொடங்கியது. அங்கே படி கிடையாது, சரிவுதான். நாற்காலி உருண்டு வரலாம். காது கேட்காத சலூன்காரர் ஒருவர் கைச்சாடையிலேயே தன் நாயை உட்காரவைத்தார். கொடுக்க முடிந்தவர் கொடுத்தார்கள், முடியாதவர் சும்மா வந்தார்கள்.

உறுமலைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் மாஸ்டர் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவார். நல்ல பாடம். அதில் பழக்குகிறவரின் முகம் தெரியாது, கை மட்டும்தான். "யாரோ ஒரு மாஸ்டர் பண்ணினது," என்பார். மூன்று வருடம் அப்படியே சொன்னார்.

ஒரு ஞாயிறன்று சக்கர நாற்காலிப் பெண் கேட்டாள்: "அந்த மகானுபாவர் இப்ப என்ன பண்றாரு மாஸ்டர்?"

"தொழிலை விட்டுட்டாருன்னு கேள்வி."

"நாய்ங்க கும்புட்டிருக்கும்!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் பின்னால் அவரை அதிகம் குடைந்தது.

எல்லோரும் போனபின் அவள் நாற்காலியை அவர் அருகே உருட்டி வந்தாள்.

"ஒவ்வொரு வாரமும் படத்துல இருக்கற அந்தக் கையிலிருந்துதான் என் நாய் கோழி வாங்கித் தின்னுது. கட்டைவிரல் நகம் ரெண்டா வெடிச்சு வளர்றது ஊர்ல எத்தனை பேருக்கு இருக்கும் மாஸ்டர்?"

அவர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். அவள் அதையும் பார்த்தாள். பிறகு பட்டறை, வேன், பாப்பா, ஐந்து தையல் என்று எல்லாம் வெளியே வந்தது. அவள் ஆறுதல் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு பொய் சொல்லலன்னு அவங்க வீட்ல இன்னைக்கு வரைக்கும் தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு வகுப்பில், "அந்த மாஸ்டர் நான்தான்" என்று சொன்னார். இரண்டு பேர் அதோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். அது எளிதான பகுதி. கடினமானது, எட்டு வருடத்துக்குப் பிறகு தையல்காரம்மாவுக்கு எழுதுவது. ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு செய்தியைத் தயாரித்து மனைவியிடம் காட்டினார். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் அவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"என்னங்க இது? பத்து வரியில எட்டு வரி நீங்க எவ்வளவு திருந்திட்டீங்கன்னு இருக்கு. மாத்திரை அட்டையில போடற மாதிரி, விஷயத்தை மட்டும் அடியில பொடி எழுத்துல போட்டிருக்கீங்க!"

"அப்போ என்னதான் எழுதச் சொல்ற?"

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு, நீங்க என்ன சொன்னீங்க. அவ்வளவுதான். மன்னிப்பு கேக்கறேன்னு அவங்க தலையில புதுசா ஒரு வேலையைக் கட்டாதீங்க."

அழித்து அழித்து மிஞ்சியது இதுதான்: "அம்மா, நான் சங்கிலி மாஸ்டர். பட்டன் அன்னைக்கு உறுமல. உறுமினா வலிக்கும்னு நான்தான் அதைப் பழக்கி வெச்சிருந்தேன். பாப்பா சொன்னது உண்மை. அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

அனுப்பிய பத்தாவது நிமிடம் தையல்காரம்மா படித்துவிட்டார் என்று கைபேசி காட்டியது. பதில் இல்லை. அன்றும் இல்லை, அந்த மாதமும் இல்லை. திட்டியிருந்தாலாவது வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். வகுப்பில் கோழித் துண்டு கொடுக்கும்போதெல்லாம் கட்டைவிரலை மடக்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்தது.

பதினான்கு மாதம் கழித்து, அவர் இரும்புக்கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"வணக்கம். நான் தையல்கடைச் சித்தியோட அக்கா பொண்ணு. நீங்க பாப்பான்னு எழுதினது என்னைத்தான். இப்ப எனக்குப் பதினேழு. உங்க செய்தியைச் சித்தி யார்கிட்டயும் காட்டல. போன வாரம் அவங்க போன்ல வேற எதையோ தேடும்போது கண்ணுல பட்டுச்சு. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். 'இப்ப எதுக்கு அந்தப் பழைய கதை'ன்னாங்க. அப்புறம் சமையலறைக்குள்ள போனவங்க ரொம்ப நேரம் வெளியில வரல. உங்களை என்ன நினைக்கறதுன்னு எனக்குத் தெரியல. என்னாலதான் பட்டனை அனுப்பிட்டாங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தப் பட்டறையில அது நல்லா இருந்துச்சா? நீங்க போய்ப் பார்த்திருப்பீங்கல்ல?"