கல் பொறுக்கிய மண்

ஒரு மஞ்சள் துணிப்பை. ஜவுளிக்கடைப் பெயர் பாதி அழிந்திருந்தது, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. எண்பதுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் நான் உதவியாளராக இருந்த காலத்தில் அது என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவள் என் மதினி, அண்ணனுடைய மனைவி. சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ்ஸில் அதை மடியை விட்டு இறக்காமலே வந்திருந்தாள். அவிழ்த்து அள்ளிப் பார்த்தேன். சலித்த மாவுபோல விரலிடுக்கில் இறங்கியது. என் மேலதிகாரி எட்டிப் பார்த்து, "ஒரு பொட்டுக் கல்லு இல்லையேம்மா, எந்த ஊரு மண்ணு?" என்றார். "எங்க அண்ணன் தோட்டத்து மண்ணு சார்" என்றேன். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை இன்று நினைத்தால் என்னை நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பல வருஷம் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் இறங்கி இளைப்பு வந்துவிட்டது. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆலையை விட்டு நின்றபோது அவரிடம் மிச்சம் இருந்தது ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும்தான். செவலும் கரிசலும் கலந்த மண், பார்வைக்கு நல்ல மண். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை போட்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அண்ணனுக்கும் ஆசை வந்தது. "இந்த எலுமிச்சை வந்துட்டா நாங்க மூணு பேரும் பொழச்சுக்கிடுவோம். வரலேன்னா நெலத்த வித்துட்டு மதினி எங்கயாவது வேலைக்குப் போக வேண்டியதுதான். பிள்ளை படிப்பும் அம்புட்டுத்தான்" என்று என்னிடம் சொன்னார். ஒரே மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. நான்தான், "அவசரப்படாதிய, மொதல்ல மண்ணக் குடுத்து விடுங்க, பாத்துச் சொல்லுதேன்" என்று பெரிய மனுஷியாகப் பேசினேன்.

பழமரம் வைப்பதென்றால் மூன்றடிக் குழி தோண்டி, அடிக்கு ஒரு பையாக மூன்று பை மண் எடுக்க வேண்டும். மதினி கொண்டுவந்தது ஒரே ஒரு பை, மேல் மண். தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன். நம்ம மதினிதானே, இன்னொரு நடை எதற்கு அலைய விட வேண்டும் என்ற நினைப்பு. எங்கள் பக்கத்தில் மண்ணுக்கடியில் சுண்ணாம்பு இறுகிக் கிடக்கும் இடங்கள் உண்டு. அந்த வெள்ளைக் கல்லைச் சுக்கான் கல் என்போம். மேல் மண்ணில் ஒன்றிரண்டு சுக்கான் தென்பட்டாலே அடியில் பாளமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சொட்டு ஆசிட் விட்டால் நுரைத்துப் பொங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். அந்த வருஷம் ஆசிட் தட்டுப்பாடு. கல் தெரிந்த மண்ணுக்கு மட்டும்தான் விடுவது என்று நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மதினியின் மண்ணில்தான் கல்லே இல்லையே. புட்டியைத் திறக்கவில்லை. 'எலுமிச்சை நடலாம்' என்று அட்டையில் முத்து முத்தாக எழுதினேன்.

குழி வெட்டும்போதே மண் வெள்ளை வெளேரென்று வந்திருக்கிறது. அண்ணன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, "ஏட்டி, என்ன இது, சுண்ணாம்புக் காளவாசலாட்டம் வருது?" என்று கேட்டாராம். "உங்க தங்கச்சி எழுதிக் குடுத்திருக்காக. தெரியாமயா எழுதுவாக?" என்றாளாம் மதினி. கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு என் கையெழுத்தை நம்பினார்கள். குழியில் எருவும் மேல் மண்ணும் போட்டு நட்டதால் கன்றுகள் இரண்டு வருஷம் ஜம்மென்று வளர்ந்தன. அண்ணன் தன் மகளின் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு வரப்பில் நடப்பதைப் பார்க்கக் கண் நிறைந்திருக்கும். இளைப்புகூடக் குறைந்ததுபோல் தெரிந்தது.

மூன்றாம் வருஷம் பொங்கலுக்குப் போனேன். இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. மரத்தின் வேர் குழியைத் தாண்டிச் சுக்கானில் முட்டிவிட்டது. சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மறு வாரம் அண்ணன் ஊரில் இல்லாத பொழுதாகப் பார்த்து, சின்னப் புட்டியில் ஆசிட் கொண்டுபோய், அடிமண்ணைத் தோண்டி அதன்மேல் ஊற்றினேன். அடுப்பில் பால் பொங்குவதுபோல் பொங்கி வழிந்தது. ஆத்திரத்தில் மதினியிடம் கத்தினேன். "அன்னைக்கு மண்ணை எங்கேருந்து எடுத்திய? அதுல ஒரு கல்லுகூட இல்லையே!"

"இந்தத் தோட்டத்துலதான். கல்லையெல்லாம் பொறுக்கிட்டுத்தானே குடுத்தேன்" என்றாள். "சொளகுல போட்டுப் புடைச்சு, ரெண்டு தரம் சலிச்சு, வெள்ளக் கல்லா ஒரு கைப்பிடி வந்துச்சு, ஒண்ணு விடாம எடுத்துட்டேன். நாலு ஆபீசருங்க பாக்குற எடம். கல்லோட குடுத்தா நீங்க என்ன சொல்லுவியளோன்னு…"

அதற்கு மேல் அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. மண் வருவதற்கு முந்தின வருஷம், அவள் மகளுக்குக் காது குத்தின விருந்தில், என் அலுவலகத்து ஆட்கள் பந்தியில் இருக்கும்போது, என் பல்லில் ஒரு கல் கடிபட்டது. "மதினி, அரிசியில கல்லு பொறுக்க ஒரு கண்ணாடி வாங்கித் தரட்டுமா?" என்று பந்திக்கே கேட்கும்படி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என் வாய் அப்படிப்பட்ட வாய். வயதில் மூத்தவள் என்னை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் என்பது தோட்டத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கல்லுப் பொறுக்குனது உங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். உசுரு போனாலும் சொல்லிராதிய." அழுதாள். நானும் அழுதேன், சத்தியம் செய்து கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி வந்ததே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவள் தவறு மறைந்தால் என் தவறும் மறையும். பை ஒன்றுதான் வந்தது, ஆசிட் விடவில்லை என்பதெல்லாம் யாருக்கும் தெரியாமல் போகும்.

அண்ணனிடம் சத்துக் குறை என்று சொல்லி, அன்னபேதி என்கிற இரும்பு உப்பை வாங்கிக் கொடுத்து இலையில் தெளிக்கச் சொன்னேன். ஒரு மாதம் பச்சை ஏறும், மறுபடி மஞ்சள். அண்ணன் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "தண்ணி காணல. என் நெஞ்சுக்கு ஏலாம நான்தான் சரியாப் பாச்சல." அந்த மண்ணில் தண்ணீர் தேங்கினால் மஞ்சள் கூடத்தான் செய்யும். "கொஞ்சமாப் பாச்சுங்கண்ணே" என்றேன். "தண்ணியில்லாமத்தானே காயுது, நீ என்ன பேசுத?" என்று அதட்டினார். காரணத்தைச் சொல்லாமல் எப்படி நம்பவைப்பது? கோடையில் கிணறு வற்றியதும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடத்தில் சுமந்தார். பத்தடிக்கு ஒரு தரம் குடத்தை இறக்கிவைத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்குவார். மதினி வரப்பில் நின்று பார்ப்பாள், நான் பார்ப்பேன்.

இரண்டு கோடை அப்படிச் சுமந்தார். மூன்றாவது கோடையில் படுத்தவர் எழவில்லை. மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். "செத்த நேரம் கூட நின்னு பாச்சிருந்தா மரம் நின்னுருக்கும், தாயி. அப்பனுக்கு ஏலாமப் போச்சு" என்று அவளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மதினி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நிலம் கைமாறியது. மதினி ராஜபாளையம் பக்கம் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிக்குப் போனாள். எட்டாவதோடு மகளும் கூடப் போனாள்.

போன மாதம் மதினியும் போய்விட்டாள். காரியம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மகள் தன் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கம்மா தறிச் சத்தத்துலயே காது போயி, வாழ்க்கையும் போயிச் செத்தா. எங்கப்பா மட்டும் அந்த மரத்துக்கு ஒழுங்காத் தண்ணி பாச்சிருந்தாருன்னா நாங்க எப்படியோ இருந்திருப்போம்." பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லையா அத்தை?" என்றாள். பந்தியில் அத்தனை பேர் முன்னால் பேசிய இந்த வாய் அன்று திறக்கவில்லை. சத்தியம் வாங்கியவளும் இல்லை, இனி யாருக்காக? அதனால்தான் எழுதுகிறேன். இதை அண்ணன் மகள் படிப்பாள், நான் எழுதுவதையெல்லாம் படிக்கிறவள்தான். படித்துவிட்டு என் வீட்டு வாசலை மிதிக்காமல் போகட்டும். உன் அப்பா அந்தத் தோட்டத்துக்கு ஒரு நாள்கூடத் தண்ணீர் குறைத்தவரில்லை, தாயி.