டேஞ்சரின் அட்டையில் எழுதப்பட்ட வரி

குற்றச்சாட்டு இதுதான். 2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, செம்புச் சுரங்க நகரான கிட்வேயின் கண்ணாடிக் கதவு போட்ட பிராணி மருத்துவமனையில், சிம்வெம்வே குடியிருப்பைச் சேர்ந்த எக்ஸில்டா கசொண்டேயின் மூன்று மாத நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போடப்பட்டது. கட்டணம் முழுவதும் அன்றே பெற்றுக்கொள்ளப்பட்டது. இருபத்தைந்தாம் நாள், எந்த நோய் அண்டாது என்று சொல்லி அந்த ஊசி போடப்பட்டதோ அதே நோயில் குட்டி சுருண்டு விழுந்தது. அக்டோபர் 7 அன்று அதே மருத்துவமனை, குட்டியின் அட்டையில் நீல மையால் ஒரு வரி எழுதியது: "உரிமையாளரின் கவனக்குறைவு."

எக்ஸில்டாவைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சோலாவின் அம்மா என்பதால் தெருவே அவரை பானா சோலா என்றுதான் அழைக்கும். அடுப்பு பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ வருடமாகியும், அதை வாங்கிய ரசீதை இன்னும் பெட்டியில் வைத்திருப்பவர் அவர். பள்ளியை ஏழாம் வகுப்போடு விட்டவர். சுரங்க நிர்வாகம் மறைந்த கணவருக்கு அனுப்பிய கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தே, ஒரு கடிதம் எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் தேதி போட வேண்டும் என்று கற்றுக்கொண்டார்.

அவருக்குத் தொழில் உறைந்த மீன். வீட்டு முகப்பில் ஒரு தகரக் கடை, கடைக்குள் ஓர் உறைபெட்டி. அந்த ஆண்டு ஆறுகள் வற்றி, மின்சாரம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வந்தாலே பெரிது என்றாகிவிட்டது. மின்சாரம் எப்போது போனது, எப்போது வந்தது என்பதை எக்ஸில்டா நாள் தவறாமல் ஒரு நோட்டில் எழுதிவந்தார். மீன் வியாபாரத்தில் அது விளையாட்டல்ல. எத்தனை மணி நேரம் உறைபெட்டியைக் கம்பளி போட்டு மூட வேண்டும், எந்த மீனை முதலில் விற்றுத் தீர்க்க வேண்டும் என்பதை அந்த நோட்டுத்தான் சொல்லும்.

கடைப் பூட்டை இரண்டு முறை உடைத்துவிட்டார்கள் என்பதால் வாங்கிய குட்டி அது. ஒரு கையில் அடங்கிவிடும் குட்டிக்கு டேஞ்சர் என்று பெயர் வைத்தது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இரண்டே வாரத்தில் தண்ணீர்க் கட்டண ஊழியரை வாசலிலேயே நிறுத்தி, அந்தப் பெயருக்கு நியாயம் செய்துவிட்டது.

அக்டோபர் 7 காலையில் அது எழுந்திருக்கவில்லை. வாந்தி, ரத்தம் கலந்த கழிச்சல். பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரர் பாஷி ம்வாபாவின் வண்டியில், மீன் கழுவும் தொட்டியில் குட்டியைக் கிடத்திக்கொண்டு எக்ஸில்டா கண்ணாடிக் கதவுக்கு ஓடினார்.

"வெளிய விட்டிருப்பீங்க மேடம்," என்றார் அங்கிருந்த மருத்துவர், குட்டியைத் தொடாமலே.

"விடல. என் வாசல்ல கேட் இருக்கு. ஊசிதான் நீங்களே போட்டீங்களே?"

"ஊசி போட்டா மட்டும் போதுமா? நீங்க பாத்துக்கணும். எல்லாரும் கேட் இருக்குன்னுதான் சொல்லுவாங்க."

மருத்துவர் அட்டையில் அந்த வரியை எழுதினார். அனுமதிக்க நாலாயிரம் குவாச்சா முன்பணம் என்றார். அது எக்ஸில்டாவின் உறைபெட்டியில் அன்று இருந்த மொத்த மீனின் விலை. கட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். டேஞ்சர் செத்துப்போனால் மிஞ்சப்போவது அந்த ஒரு வரிதான். குட்டியைக் கொன்றவர் யார் என்பதற்கு அதுவே சான்றாகிவிடும். அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தார், தொட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"இப்ப எங்க?" என்றார் பாஷி ம்வாபா.

"வேற டாக்டர்கிட்ட. ஆனா முதல்ல ஃபிரிட்ஜைப் பாக்கணும்."

"என்னது? நாய் சாகக் கெடக்குது, நீங்க ஃபிரிட்ஜு பாக்கப் போறீங்களா பானா சோலா? கல்யாணச் சாமான் வாங்கவா கெளம்பினோம்?"

"கெட்டுப்போன மீனை வித்தா என்னை அடிப்பாங்கல்ல? கெட்டுப்போன மருந்தை வித்தா யாரை அடிக்கிறது? நீங்க வண்டியை எடுங்க."

முதலில் போனது சந்தைக்கருகே இருந்த தீவனக் கடை. அங்கிருந்தவர் குட்டி தொட்டியை விட்டு இறங்குமுன்பே ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டார். "எல்லாத்துக்கும் இதான் அம்மா, நூறு குவாச்சா," என்றார். அவருடைய மருந்துகள் குளிர்பான அலமாரியில் ஆரஞ்சுப் பாட்டில்களோடு நின்றன. எக்ஸில்டா ஒரு பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். கை சுடாத குறை.

"விலை கொறச்சல்தானே," என்றார் வண்டியில் பாஷி ம்வாபா.

"கொறச்சல்தான். இன்னிக்கு நூறு, நாளைக்கு ஒரு மண்வெட்டி."

இரண்டாவது, புச்சி குடியிருப்பில் ஒரு தேவாலயத்தின் பின்புற அறை. டாக்டர் ஜெரே என்று கையால் எழுதிய பலகை; பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டிய, அந்த ஆண்டுக்கான பதிவுச் சான்றிதழ். எக்ஸில்டா பதிவு எண்ணை முதலில் குறித்துக்கொண்டார். டாக்டர் குட்டியை மேசையில் கிடத்தி, ஈறைத் திருப்பிப் பார்த்தார், தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். அந்த இடைவெளியில் எக்ஸில்டா குளிர்பெட்டியின் முன் போய் நின்றார்.

"ஜெரேன்னா கிழக்குப் பக்கத்து ங்கோனி ஆளாச்சே. உள்ள திங்கிறதுக்கு எலி ஏதும் வச்சிருக்கலையே டாக்டர்?"

"கொரங்கு திங்கிற பெம்பாக்காரங்க கேக்கிற கேள்வியா இது?" என்றார் டாக்டர் நிமிராமலே. அந்த ஊர் வழக்கப்படி இந்த இரு இனத்தாரும் முதல் சந்திப்பிலேயே இப்படிச் சீண்டிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்பவர்தான் தோற்றவர். "கதவைத் தெறக்காதீங்க, குளிர் போயிரும். வெளிய ஒட்டியிருக்கிறதைப் படிங்க."

கதவில் ஒரு தாள். காலை, மாலை என இரண்டு வேளையும் உள்ளே எத்தனை டிகிரி என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு நாள்கூட விடுபடவில்லை. நடுவே சிவப்பு மையில் ஒரு வரி: "ஆகஸ்ட் 29. பதினேழு டிகிரி. ஆறு குப்பி அழிக்கப்பட்டது."

எக்ஸில்டா அந்த வரியை இரண்டு முறை படித்தார். "நட்டத்தை எழுதிக் கதவுலயே ஒட்டி வச்சிருக்கீங்களே?"

"எறிஞ்சதை எழுதலன்னா எறிஞ்சேன்னு யாரு நம்புவா?"

அங்கேயே முடிவாகிவிட்டது. பாஷி ம்வாபாவைப் பார்த்து, "வண்டியை அணைங்க," என்றார்.

டாக்டர் ஜெரே கட்டணத்தை முதலிலேயே சொன்னார். எது அவசியம், எது வேண்டாம் என்றும் சொன்னார். ரத்தப் பரிசோதனை வேண்டாம், அறிகுறியே போதும். இங்கே தங்கவைத்தால் ஒரு நாளுக்கு முந்நூறு. "நீங்க நோட்டுப் போட்டு எழுதுற ஆளு மாதிரி தெரியுது. தோலுக்கடியில தண்ணி ஏத்தக் காட்டித் தரேன். வீட்டுலயே பண்ணுங்க. மருந்துக்கு மட்டும் காசு குடுங்க. எல்லாம் செஞ்சும் பொழைக்காமப் போகலாம், அதையும் சொல்லிடுறேன்."

ஐந்து நாள். மீன் நிறுக்கும் தராசின் கொக்கியில் திரவப் பை தொங்கியது. நான்கு மணி நேரத்துக்கொரு முறை எவ்வளவு ஏறியது, எத்தனை முறை வாந்தி, ஈறு என்ன நிறம் என்று நோட்டில் தனிப் பக்கம். மூன்றாம் நாள் எழுத வேறொன்றும் இல்லை. "மூச்சு இருக்கிறது" என்று ஆறு முறை எழுதினார். நான்காம் நாள் வாந்தி நின்றது. ஐந்தாம் நாள் காலையில், வேகவைத்த கப்பெண்டா மீனின் சாற்றைக் குட்டி நக்கிக் குடித்தது. பிறகு தள்ளாடி எழுந்து, நலம் விசாரிக்க வந்த பாஷி ம்வாபாவின் செருப்பைக் கவ்வியது.

"பாத்தீங்களா, என் வண்டியில ஏறித்தான் பொழைச்சது, என்னையே கடிக்குது!"

"ஃபிரிட்ஜு பாக்கப் போறீங்களான்னு கேட்டீங்கல்ல. அதுக்குத்தான்."

குட்டி பிழைத்தது. வரி அப்படியே இருந்தது. எக்ஸில்டா பெட்டியைத் திறந்தார்.

செப்டம்பர் 12-ஆம் தேதி ரசீது கிடைத்தது. கையால் எழுதிய ரசீது. அன்று வரவேற்பிலிருந்த பெண், இயந்திரம் வேலை செய்யவில்லை என்று ஒரு துண்டுத்தாளை நீட்டியதும், "ஏன் மெஷின் ரசீது இல்லன்னு அதுலயே எழுதிக் குடும்மா," என்று இவர் கேட்டு வாங்கியது. அந்தப் பெண்ணின் உருண்டை எழுத்து தெளிவாக இருந்தது: "காலை நான்கு மணி முதல் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரில் டீசல் இல்லை." நோட்டைப் புரட்டினார். மின்தடை அட்டவணையில் அதே குழுவைச் சேர்ந்த சிம்வெம்வேயிலும் அன்று காலை நான்குக்குப் போன மின்சாரம் இரவு ஏழுக்குத்தான் வந்திருந்தது. ஊசி போடும்போது குளிர்பெட்டி நின்று பதினோரு மணி நேரம் நாற்பது நிமிடம்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டர் ஜெரேயிடம் போனார்.

"சூட்டுலதான் மருந்து கெட்டுச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது," என்றார் அவர். "நல்ல ஊசிகூட சில குட்டிக்குப் பலிக்காமப் போகும். ஆனா உங்க கவனக்குறைவுன்னு எழுத ஒரு ஆதாரமும் கெடையாது. அதை எழுதித் தரேன், கையெழுத்தோட."

எக்ஸில்டாவுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது அப்போதுதான். தனக்குச் சாதகமாகக்கூட அவர் ஒரு சொல் கூட்டவில்லை.

அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் வெறிநாய்த் தடுப்பூசியின் விலையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு நாய்க்கு ஏன் அவ்வளவு என்று கேட்டார். ஒரு குப்பியில் பத்து நாய்க்கான மருந்து இருக்கிறது, திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும், ஒருவர் மட்டும் வந்தால் மிச்சம் ஒன்பதும் சாக்கடைக்குத்தான் என்றார் டாக்டர். மின்தடையில் எறிவதும் அந்த விலையில்தான் ஏறுகிறது.

"பத்து நாய் சேந்து வந்தா?"

"விலை பாதிக்கும் கீழ."

"ஐஸ் நான் குடுத்தா?"

டாக்டர் ஜெரே பேனாவைக் கீழே வைத்தார். புச்சி வேறு குழு. அங்கே மின்சாரம் இல்லாத நேரத்தில் சிம்வெம்வேயில் இருக்கும். எக்ஸில்டாவின் உறைபெட்டியில் மீனுக்கடியில் எப்போதும் இருபது பாட்டில் பனிக்கட்டி கிடந்தது. தினம் ஆறு பாட்டில், பாஷி ம்வாபாவின் வண்டியில், செய்தித்தாள் சுற்றி. அதற்கு ஈடாக டேஞ்சரை ஓராண்டுக்குக் கட்டணமின்றிப் பார்ப்பது; அவர் தெருவிலுள்ள வீட்டு நாய்களுக்குக் குப்பி விலை மட்டும். இதையும் இருவரும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். எழுதச் சொன்னவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த இரண்டு வாரம் எக்ஸில்டா வீடு வீடாகப் போனார். நாயின் பெயர், வயது, கடைசி ஊசியின் தேதி. பாதிப் பேருக்குத் தேதி தெரியவில்லை. சிலருக்கு நாயின் பெயரே தெரியவில்லை.

"எங்க நாய்க்கு நோயெல்லாம் வராது பானா சோலா, அது ந்ஷிமாக் களி திங்கிற நாய்."

"நீங்களும் ந்ஷிமாதான் திங்கிறீங்க. போன மாசம் ஆஸ்பத்திரியில யாரு படுத்திருந்தது?"

நவம்பர் 10, ஞாயிறு. வழிபாடு முடிந்ததும் எக்ஸில்டாவின் கடைக்கு எதிரே ஒரு மாமரத்தடியில் முப்பத்தொரு நாய். துணிக்கயிறு, மின்கம்பி, ஒரு கழுத்துப்பட்டை, தேவாலயத்துக்கு உடுத்திப் போன சிட்டெங்கே துணியைக் கிழித்துத் திரித்த கயிறு என எல்லாவற்றாலும் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். ஒவ்வொரு குப்பியையும் பனிப்பெட்டியிலிருந்து எடுக்கும்போது டாக்டர் ஜெரே வெப்பமானியை உயர்த்திக் காட்டினார். எக்ஸில்டா எண்ணை உரக்கப் படித்தார். வரிசை முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது. "அஞ்சு டிகிரி!" "அஞ்சு!" நான்கு குப்பி திறந்ததில் மிஞ்சிய ஒன்பது ஊசிக்கு, சத்தம் கேட்டு அடுத்த தெருவிலிருந்து ஒன்பது நாய்கள் வந்து சேர்ந்தன. ஒரு துளியும் சாக்கடைக்குப் போகவில்லை. டேஞ்சர் கடை வாசலில் உட்கார்ந்து, வந்த ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகக் குரைத்து வரவேற்றது.

நவம்பர் 18 அன்று எக்ஸில்டா தேவாலய உடையில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். தான் எழுதிய கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை கேட்டார். உள்ளேயிருந்து மருத்துவமனையின் உரிமையாளரே வந்துவிட்டார். நாற்பது நாய்ச் சேதி அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"எதுக்கு மேடம் இதெல்லாம்? பேசித் தீத்துக்கலாம். குட்டிக்கு இலவசமா ஒரு குளியல், முடி வெட்டு…"

"குளிப்பாட்ட எங்க வீட்டுல வாளி இருக்கு. நீங்க பேச்சால சொல்லல, மையால எழுதினீங்க. எனக்கும் மையாலதான் வேணும்."

வரவேற்பிலிருந்த பெண், தான் எழுதிய ரசீதின் நகலைக் கடிதத்தின் இணைப்பில் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு முத்திரையை எடுத்து, மை நன்றாகத் தோய்த்து, அழுத்திக் குத்தினாள்.

கடிதத்தின் கடைசிப் பத்தி வருமாறு:

"மேற்கண்ட காரணங்களால், என் நாய் டேஞ்சரின் அட்டையில் தாங்கள் எழுதிய வரியை, தங்கள் கையெழுத்துடனும் தேதியுடனும் அடித்து நீக்கித் தருமாறு கோருகிறேன். மறுப்பீர்களானால், செப்டம்பர் 12 அன்று தங்கள் குளிர்பெட்டி எத்தனை டிகிரியில் இருந்தது என்பதற்கான பதிவேட்டின் நகலை இணைக்கவும். அப்படி ஒரு பதிவேடு இல்லையென்றால், இல்லை என்பதையும் எழுதவும். கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு நகல் அனுப்பப்பட்டுள்ளது. தொலைபேசி அழைப்பு பதிலாகக் கருதப்பட மாட்டாது. இக்கடிதம் கிடைத்த பதினான்கு நாட்களுக்குள் தங்கள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்."