டியூட்டிக்குப் போக நின்ற எங்கள் பெரியக்கா

பெரியக்காவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். இந்தக் கட்டுரையை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இரண்டிலும் அக்கா எப்போதும் சிரித்த முகத்துடன் இருந்தார். நான் எப்போதும் பொறுமையாக இருந்தேன். அப்படி நடக்கவில்லை. நடந்ததை எழுதாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பெரியக்கா மானிப்பாயில் மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அடுத்தவர் அண்ணா, கடைசி நான். ஒரே அக்கா என்றாலும் எங்களுக்கு அவர் பெரியக்காதான். எங்கள் தகப்பனார் காலமானபோது எனக்கு ஐந்து வயது. அக்கா அப்போதுதான் தாதிப் பயிற்சியை முடித்திருந்தார். அவருடைய உழைப்பில்தான் நாங்கள் இருவரும் வளர்ந்தோம். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "முதலிலை தங்கச்சி படிச்சு முடிக்கட்டும்" என்றார். நான் படித்து முடித்தபோது பேச்சு வருவது நின்றிருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்ததால் ஊரே அவரை 'மிஸ்ஸி' என்றுதான் அழைத்தது. ஓய்வு பெற்ற பிறகும், ஆள் போதாது என்று கூப்பிட்டபோது மறுக்காமல் போனார். போரால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த நாளில், கொட்டும் மழையில், ஒரு நோயாளியின் சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்தபடி பாலம் கடந்தார் என்று அவருடன் வேலை செய்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை.

அடுத்த வருடம் கொழும்பு வழியாக ரொறன்ரோ வந்து அகதிக் கோரிக்கை கொடுத்தார். மில்லிக்கனில் நானும் என் கணவரும் இருந்த வீட்டின் பின்னறையை அவருக்கென்று ஒதுக்கினோம். அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய் சாப்பிடுவார். "நான் இருந்து ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்பார். குளிர் நாடு, பழகட்டும் என்றார்கள் பார்க்க வந்தவர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் வேலையால் வந்த களைப்பில் வாயை விட்டுவிட்டேன்.

"அங்கை ஒரு ஆஸ்பத்திரி வாட்டையே நடத்தின மனுசி, இஞ்சை ஒரு தேத்தண்ணி போட ஏலாதோ?"

அக்கா எழுந்து குசினிக்குள் போனார். கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன்.

அகதிக் கோரிக்கை விசாரணைக்குத் திகதி வந்தது. எழுதிக் கொடுத்த திகதிகளும் இடங்களும் வாயால் சொல்வதோடு ஒத்துப்போக வேண்டும், பிசகினால் பொய் என்று எடுப்பார்கள் என்று சட்டத்தரணி எச்சரித்திருந்தார். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டு மேசையில் அக்காவை இருத்திக் கேள்வி கேட்டேன்.

"எப்ப வெளிக்கிட்டனீங்கள்?"

"மழை பெய்தது."

"அது தெரியும். எத்தினையாம் திகதி?"

"தெரியேல்லை, பிள்ளை."

"போன கிழமை சொன்னனீங்களே! உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் அக்கா, விளங்குதோ?"

அவருடைய கை மேசை விரிப்பை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருக்கும். நான் கத்துவேன். எனக்கு எழுத்துப் படிப்பித்தவரை நான் அப்படிக் கத்தினேன்.

விசாரணை அறையில் அக்கா நெற்றியில் திருநீற்றுடன் நேராக அமர்ந்திருந்தார். முதல் மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லை. விசாரித்த அதிகாரி குரலைத் தாழ்த்தி, திரும்பிப் போகப் பயமா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னதும் அக்காவுக்கு உயிர் வந்தது.

"என்ன பயம் தம்பி? நான் போகவேணும். டியூட்டிக்கு நேரமாச்சுது. அந்தப் பிள்ளையளுக்கு ஆர் சேலைன் மாத்துறது?"

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். சட்டத்தரணியின் முகம் வெளிறிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்த அதிகாரி பேனையை மூடி வைத்தார். விசாரணையை ஒத்திவைப்பதாகவும், முதலில் இந்த அம்மாவை ஒரு மருத்துவரிடம் காட்டுமாறும் சொன்னார். கூடவே இருந்த எனக்குத் தெரியாதது ஓர் அந்நியருக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இதை எண்ணும்போது இன்றும் இருக்க முடியாமல் எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

"மறதி நோய் ஒண்டு, மனச்சோர்வு இன்னொண்டு. ஒண்டை ஒண்டு மறைச்சுப்போட்டுது. அக்கா வேணுமெண்டு ஒண்டும் செய்யேல்லை" என்றார் எங்கள் குடும்ப வைத்தியர். அந்த அறிக்கையுடன் இரண்டாம் முறை போனோம். அக்காவைக் கேள்வி கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டார்கள். கோரிக்கை ஏற்கப்பட்டது. நான் காருக்குள் விம்மி அழுதேன். அக்கா என் தோளைத் தட்டி, "இனி டியூட்டிக்குப் போகலாமோ?" என்று கேட்டார்.

மருந்து தொடங்கிய பிறகு சாப்பாடு கொஞ்சம் இறங்கியது. சுவரைப் பார்த்திருப்பது குறைந்தது, நடை தொடங்கியது. பின்னேரம் இரண்டு மணியானால் அறை அறையாகப் போவார், கட்டில்களைத் தொட்டுப் பார்ப்பார், கதவுப் பிடியைத் திருகுவார். தை மாதத்தில் ஒருநாள் வீட்டுச் செருப்போடு ஸ்டீல்ஸ் வீதி வரை போய்விட்டார். என் கணவர் மிசிசாகாவில் காலை வேலை முடித்து மூன்றரைக்கு வருவார். நான் இரண்டரைக்கு வெளிக்கிட வேண்டும். இடையில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் நான் அக்காவை உள்ளே விட்டு வெளியால் பூட்டினேன். ஏழு கிழமைகள். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணிதான் கண்டார். அக்கா யன்னலைத் தட்டுவதைப் பார்த்து, என் கணவர் வரும்வரை பனிக்குள் யன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறார். மறுநாள் எங்கள் கதவைத் தட்டிக் கையை நீட்டினார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரே சொல் சொன்னார்: "கீ."

அன்றிலிருந்து அந்த ஒரு மணி நேரம் அவருடையது. இருவருக்கும் பொது மொழி இல்லை. ஒருநாள் வேலைக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். அக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி அசையாமல் இருந்தார்.

மிசிசாகாவில் இருக்கும் அண்ணாவோடு எனக்குப் பெரிய சண்டையும் வந்தது. "முதியோர் ஹோமிலை விடுவம், நீ செத்துப்போவாய்" என்றார். "உங்களை அக்கா எங்கையும் விட்டவவோ?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு மாதம் பேச்சில்லை. ஒரு ஞாயிறு சொல்லாமல் வந்து அக்காவைக் காரில் ஏற்றினார். ஓடும் காரில் அக்கா அமைதியாக இருப்பார் என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் விட்பி வரை ஓடிப்போய்த் திரும்புவார்கள். அந்த இரண்டு மணி நேரம் நான் படுத்துக்கிடப்பேன். அண்ணா சொன்னதிலும் பிழையில்லை என்று இப்போது எழுதுகிறேன். நேரில் இன்னும் சொல்லவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எட்டாம் நாள் பின்னேரம் பெரியக்கா அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அண்ணா பக்கத்தில் இருந்தார். நான் வேலைத்தலத்தில் நின்றேன்.

பேனையை மூடி வைத்த அந்த அதிகாரிக்கும், வைத்தியருக்கும், சட்டத்தரணிக்கும், முகம் சுளிக்காமல் அக்காவைக் குளிப்பாட்ட உதவிய என் கணவருக்கும், சாவியை வாங்கிய அயலவருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக இருக்காதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள், வருவேன்.

செத்த வீட்டில் பலர் என் கையைப் பிடித்து, "நீ புண்ணியம் செய்தனீ" என்றார்கள். ஆனால் இதெல்லாம் எப்போது முடியும் என்று எண்ணிய நாட்கள் எனக்கு உண்டு. முடிந்த அன்று முதலில் வந்தது அழுகையல்ல, நித்திரை. சுயநினைவோடு இருந்த காலத்துப் பெரியக்காவிடம் இதைச் சொல்லியிருந்தால் கோபித்திருக்க மாட்டார். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "போய்ச் சாப்பிட்டிட்டுப் படு, பிள்ளை. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றிருப்பார்.