சூடு தெரியாத கை

1. ஒரு பக்கம் மட்டும்

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரம் இருந்த அந்தப் பரோட்டாக் கடைக்கு நான் பசிக்குத்தான் போனேன். எண்பதுகளின் கடைசி. பூந்தமல்லிப் பக்கம் எனக்கு லெப்ரசி இன்ஸ்பெக்டர் வேலை, அதாவது தொழுநோய் யாருக்கு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது. காலையிலிருந்து வீடு வீடாகப் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லித் தேமல் பார்த்துவிட்டு, சைக்கிளைக் கடை வாசலில் சாய்த்தேன்.

முதலாளி கன்னியப்பனுக்கு என்னைத் தெரியும். ஆனால் கொசு மருந்து அடிக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால் நான் குடித்த டம்ளரைத் தூக்கிப் போடுவார்கள் என்பது பல கடைகளில் பட்ட அனுபவம்.

"எங்க மாஸ்டர் கைய பாத்தீங்களா சார்? கல்லுலேர்ந்து எடுத்த சூட்டோட அடிப்பான். லாரிக்காரங்க இத்த பாக்கறதுக்குன்னே வண்டிய நிறுத்துறாங்க" என்றார்.

மாஸ்டர் பெயர் ஏழுமலை. முப்பது வயதிருக்கும். வெந்த பரோட்டாக்களை அடுக்கி இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் அடித்து நொறுக்கினார். வலது கையின் சுண்டுவிரல் ஓரம் முழுக்கக் கொப்புளம். ஒன்று உடைந்து நீர் வழிந்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"எப்பவுமே இப்படித்தானா?"

"இல்ல சார். மின்ன எல்லாரையும் மாதிரி கைய ஒதறிகினுதான் இருப்பான். இந்த ரெண்டு மூணு மாசமாத்தான். தொழிலு கைல ஏறிகிச்சு" என்றார் கன்னியப்பன், பெருமையாக.

அடுப்படியில் நிற்பவர் கை காய்ப்புக் காய்த்துச் சூடு பழகிப்போவது உண்மைதான். ஆனால் அதற்கு வருஷக்கணக்கு ஆகும், இரண்டு கையும் பழகும். ஒரு கையில், அதுவும் சுண்டுவிரல் ஓரம் மட்டும், ரெண்டு மாதத்தில் சூடு தெரியாமல் போனால் அது தொழில் அல்ல. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

கை கழுவப் போகிற சாக்கில் ஏழுமலையைப் பின்பக்கம் கூப்பிட்டேன். கண்ணை மூடச் சொல்லி, பால்பாயின்ட் பேனா முனையால் லேசாகத் தொட்டேன். தொட்ட இடத்தை இடது கையால் காட்ட வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் சரியாகக் காட்டினார். பிறகு சுண்டுவிரலையும் உள்ளங்கை ஓரத்தையும் தொட்டேன். இரண்டு தடவை, மூன்று தடவை தொட்டேன். சும்மா நின்றார்.

"இன்னா சார், இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றார்.

முழங்கைக்கு மேலே எட்டணாக் காசு அளவில் வெளுத்த தேமல் ஒன்று இருந்தது. அங்கேயும் உணர்ச்சி இல்லை. முழங்கையின் உள்பக்கப் பள்ளத்தில் ஓடுகிற நரம்பு பேனா ரீஃபில் போல வீங்கியிருந்தது. அதை அமுக்கியபோது மட்டும் "ஆ" என்றார். அந்த "ஆ" எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நரம்பு இன்னும் சாகவில்லை.

நான் உண்மையில் யார், அவருக்கு வந்திருப்பது என்ன என்று சொன்னேன். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"பெருவியாதியா சார்? மொதலாளிக்குத் தெரிஞ்சா இன்னிக்கே வேற மாஸ்டர் வந்துடுவான். ஊட்ல ரெண்டு பசங்க கீதுங்க."

இது சாபமோ பரம்பரையோ இல்லை, ஒரு கிருமி என்றேன். மருந்து சாப்பிடாத, கிருமி நிறைந்த ஆளின் மூச்சு வழியாகப் பரவும். உள்ளே போய் வருஷங்கள் பதுங்கியிருக்கும். ஏழுமலைக்கு வந்தது ஒரே தேமல், ஒரே நரம்பு. அந்த வகை பிறருக்குப் பரவுவது அபூர்வம், மருந்து தொடங்கிவிட்டால் அந்தப் பயமும் இல்லை. பரோட்டா வழியாக யாருக்கும் போகாது. ஆனால் நரம்பைக் கவனிக்காமல் விட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போகும். அப்புறம் மாவு பிசைய முடியாது.

அவர் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது என்று நினைக்கிறேன். "மருந்து குடு சார்" என்றார்.

3. தடித்த துணி

எங்கள் கிளினிக் டாக்டர் ஒரு தடவை பார்த்துவிட்டு ஆறு மாத கோர்ஸ் எழுதினார். தினமும் டாப்சோன், மாதம் ஒரு நாள் என் கண்முன்னால் விழுங்க ரிஃபாம்பிசின், நரம்பு வீக்கத்துக்குத் தனியாகப் பிரெட்னிசலோன். மாதாமாதம் கிளினிக் வரிசையில் நிற்க ஏழுமலை மறுத்துவிட்டார். அதனால் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சந்தித்தோம். அந்த மாத்திரையால் அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். வீட்டில் மனைவி, பிள்ளைகளையும் பரிசோதித்தேன். அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

கஷ்டம் மருந்தில் இல்லை. காய்ந்த தடித்த துணி சுற்றாமல் சூடானதைத் தொடாதே என்று சொன்னதில்தான் வந்தது. துணி சுற்றிய மாஸ்டரைப் பார்க்க எந்த லாரிக்காரர் வண்டியை நிறுத்துவார்? கன்னியப்பன் ரெண்டே வாரத்தில் காட்டுப்பாக்கத்திலிருந்து வேறு ஒரு மாஸ்டரை வரச் சொல்லிவிட்டார். ஏழுமலை பயந்து துணியைக் கழற்றினார். அடுத்த நாளே புதுக் கொப்புளம்.

எனக்குக் கோபம் வந்தது. நேராகக் கடைக்குப் போனேன். நோயாளியின் நோயை அடுத்தவரிடம் சொல்வது எங்கள் வேலையில் பெரிய பாவம். பொய்யும் சொல்ல வராது.

"கன்னியப்பன், மாஸ்டருக்கு நரம்புல வீக்கம். வைத்தியம் நடக்குது. துணி கட்டினா கை நிக்கும், கட்டலைன்னா கை போயிடும். கை போன மாஸ்டரை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"நரம்பா? அத்த சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. நா திமிர்னு நெனச்சேன்" என்றார். வேறு மாஸ்டர் வரவில்லை.

4. கன்னியப்பனின் புகார்

கோர்ஸ் முடிந்து சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். உட்காருவதற்குள் கன்னியப்பன் பிடித்துக்கொண்டார்.

"நீங்களே கேளுங்க சார் இந்த நாயத்த. துணிய அவுத்துட்டான், சரி. ஆனா இன்னா பிரயோசனம்? ஒரு பரோட்டா அடிக்கிறதுக்குள்ள நூறு தபா கைய ஒதர்றான், ஊதிக்கிறான். மாஸ்டருக்கு வயசாயிடுச்சான்னு டிரைவருங்க கேட்டுகினு சிரிக்கிறாங்க. எப்பேர்ப்பட்ட கை சார் அது, போயே போச்சு."

கல்லுக்குப் பின்னால் ஏழுமலை பரோட்டாவை அடித்துவிட்டு, சுண்டுவிரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"சுடுது மொதலாளி. இன்னா செய்யச் சொல்றே?" கேட்டது முதலாளியை. பார்த்தது என்னை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வலிக்கிறது என்று நோயாளி நம்மைத் தேடி வருவான் என்று காத்திருக்காதீர்கள். இந்த நோய் வலியை எடுத்துக்கொண்டுதான் வரும். வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்கவில்லை என்று எவனாவது பெருமை பேசினால், அவன் கையை வாங்கிப் பாருங்கள்.

அன்று கன்னியப்பனின் புகாரை முழுக்கக் கேட்டேன். இரண்டு பரோட்டா கூடுதலாகவே சாப்பிட்டேன்.