கொம்பன் பறக்க மாட்டான்

முதலில் வந்தது ரெக்சின் வாசனை. புதுச் செருப்பு டப்பாவைத் திறந்தால் வருமே, அதே வாசனை. கூடவே கோந்து நெடி. அப்பா பையைப் பிரித்தபோது வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஏழுமலை, கரும்பு வெட்டுகிறவர். அம்மா, அடுப்புப் பக்கம். அத்தை, அப்பாவின் அக்கா, எதிர்வீட்டிலிருந்து உப்பு வாங்க வந்தவள், கையில் கிண்ணம். தம்பி, மூன்று வயது, தூக்கத்தில். நான், ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன்.

பையில் இருந்தது ஒரு முழு நீல உடுப்பும் ஒரு முகமூடியும். முகமூடியின் நெற்றியில் ஒற்றைக் கொம்பு, முழங்கை நீளம், உள்ளே பஞ்சு அடைத்தது.

"அட, நீலக்கொம்பன்டா இது" என்றாள் அத்தை.

அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பாகூரைத் தாண்டிப் போனதில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

அந்த வருசங்களில் எங்கள் பக்கம் நீலக்கொம்பனைத் தெரியாதவர் யாரும் இல்லை. பள்ளிக்கூடப் பையில் அவன், தண்ணீர் பாட்டிலில் அவன், சிறுவர் பனியனில் அவன், தேர்த் திருவிழாவில் விற்கிற பலூனிலும் அவன். செலியமேட்டில் ஒருவர் மாட்டுப் பொங்கலுக்குத் தன் காளையின் ஒரு கொம்புக்கு மட்டும் நீலம் அடித்து ஓட்டிவந்தார். பார்த்த எல்லாருக்கும் அது யார் என்று புரிந்தது.

அவன் ஒரு படக்கதையில் வருகிறவன். எங்கள் ஊரில் அதைப் 'பொம்ம புக்கு' என்பார்கள். அந்தப் புத்தகம் இரண்டு என்னிடம் இருந்தது. மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போட்டிருந்த பழைய காகிதத்தில் கிடந்தது. கேட்டேன், கடைக்காரர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்றுக்கு அட்டை இல்லை. இன்னொன்றுக்குக் கடைசிப் பக்கங்கள் இல்லை. எனக்குத் தெரிந்து ஊரில் வேறு யாரிடமும் அந்தப் புத்தகம் இல்லை.

படித்ததால் எனக்கு ஒன்று தெரியும். நீலக்கொம்பன் பறக்க மாட்டான். தரையைக் குடைவான். கொம்பால் பாறையைத் துளைத்துக்கொண்டு போவான், அதுதான் அவன் வேலை. ஒரு கதையில் ஒரு ஊருக்குத் தண்ணீர் இல்லை. மலைக்கு அந்தப்புறம் ஏரி இருக்கிறது. கொம்பன் மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவருகிறான். வந்த பிறகு ஊர்க்காரர்கள் அவனை என்ன செய்தார்கள் என்று தெரியாது. அந்தப் பக்கங்கள்தான் இல்லை.

பள்ளிக்கூடத்தில் சொன்னேன். "போடி, பறப்பான்" என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டால், பனியனில் கையை நீட்டிக்கொண்டு இருக்கிறானே என்றார்கள். அது பறப்பதில்லை, குடைவது என்றேன். என் பேச்சு எடுபடவில்லை.

அப்பாவுக்கு அந்த உடுப்பைக் கொடுத்தது பாகூரில் இருந்த ஒரு ரெடிமேட் கடை. கரும்பு வெட்டு இல்லாத மாதங்களில் கடை வாசலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வருகிற பிள்ளைகளுக்குக் கை கொடுக்க வேண்டும். முகத்தைக் காட்டக் கூடாது, பேசக் கூடாது. இது கடைக்காரர் போட்ட சட்டம். ஆடித் தள்ளுபடிக்கு நின்றார், தீபாவளிக்கு நின்றார். வீட்டுக்கு வந்து உடுப்பைக் கழற்றினால் வேர்வை தரையில் சொட்டும். தோலெல்லாம் வேர்க்குரு. அம்மா நுங்குத் தண்ணீர் தடவிவிடுவாள்.

அப்பா அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அவர் யார் நிலத்தில் கரும்பு வெட்டினாரோ அந்த வீட்டுப் பிள்ளைகள் கடைக்கு வந்தார்களாம். வரிசையில் நின்று கை கொடுத்தார்களாம். அந்த வீட்டுப் பெரியவரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாராம்.

"தோள்ல கையப் போட்டாரு" என்றார் அப்பா. "அந்தச் சட்டைய மாட்டனதுலேர்ந்து ஒருத்தன்கூட என்ன டேய்னு கூப்டல."

அம்மா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

எல்லாம் அந்தப் பேச்சில் ஆரம்பித்ததாகத்தான் நினைக்கிறேன்.

அடுத்த வருசம் பஞ்சாயத்துத் தேர்தல் அறிவித்தார்கள். எங்கள் பக்கம் ரொம்ப காலமாக நடக்காமல் இருந்த தேர்தல். எங்கள் தெருவில் குழாய் இருந்தது, தண்ணீர் வராது. மெயின் ரோட்டுப் பைப்பிலிருந்து எங்கள் தெருவுக்கு இழுத்திருந்த லைன் பாதி வழியில் நின்றுபோயிருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகைக்குப் போவோம். மோட்டார் ஓடினால் தண்ணீர் உண்டு. கொட்டகை ஆள் முகத்தைச் சுளித்தால் அதுவும் இல்லை. வார்டு மெம்பர் ஆனால் அந்த லைனை முடித்துவிடலாம் என்று அப்பாவுக்குத் தோன்றியது. நின்றார்.

எங்கள் வார்டில் முந்நூற்றுச் சொச்சம் ஓட்டு. எங்கள் தெரு, நடுத்தெரு, பெரிய தெரு. எங்கள் தெரு மட்டும் போதாது என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனால் மூன்று தெருப் பிள்ளைகளும் அவருக்குக் கை கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பினார்.

என்னைக் கூப்பிட்டார். மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவருகிற கதையை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒரே கேள்வி.

"இந்தக் கத எல்லாருக்கும் தெரியுமாடி?"

"எல்லாருக்கும் தெரியும்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருசமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கொம்பன் படம் தெரியாத ஆள் கிடையாது. படம் தெரிந்தவர்களுக்குக் கதை மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? பள்ளிக்கூடத்தில் பறப்பான் என்று சொன்னவர்கள் சின்னப் பிள்ளைகள், பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கணக்கு அது. அதன்மேல்தான் அப்பா நின்றார்.

நோட்டீசு நான் எழுதிக் கொடுத்தேன். 'கொம்பன் வருகிறான், தண்ணீர் வருகிறது.' கீழே அப்பா பெயர், சின்னம். அப்பாவுக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. பாகூரில் அச்சடித்து வந்து மூன்று தெருவிலும் கொடுத்தோம்.

அந்த வரி எனக்கு ஒரு மாதிரி புரிந்தது, ஊருக்கு வேறு மாதிரி புரிந்தது. எங்கள் ஊரில் 'கொம்பன்' என்றால் எல்லாருக்கும் மேலே தன்னை நினைத்துக்கொள்கிற ஆள். நீ பெரிய கொம்பனா என்றுதான் சண்டையே ஆரம்பிக்கும். பனியனில் இருக்கும்போது அந்தப் பெயர் யாரையும் உறுத்தவில்லை. கூலிக்காரன் நோட்டீசில் வந்ததும் உறுத்தியது. பெரிய தெருவில் ஒருவர் நோட்டீசைச் சத்தமாகப் படித்துவிட்டு அப்பாவிடமே கேட்டார்.

"இன்னா ஏழுமல, கொம்பு மொளைச்சிடுச்சா?"

அப்பா சிரித்துக்கொண்டே, கதையில் தண்ணீர் கொண்டுவருவானே அந்தக் கொம்பன் என்று விளக்கினார். எந்தக் கதை என்று அவர் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் அதையே கேட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் நோட்டீசுக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதாவது விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஓட்டு வேலைக்கு எடுத்துப் போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லவில்லை.

கூட்டம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். கட்சிக்காரர்கள் வேன் வைத்து மைக் கட்டி வந்தபோது வாசலுக்குக்கூட வராத பெண்கள், கொம்பனைப் பார்க்கப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்தார்கள். அப்பா முகமூடிக்குள்ளிருந்தே ஓட்டுக் கேட்டார். பஞ்சும் ரெக்சினும் குரலை அமுக்கிவிட்டன. தண்ணி, லைன், சீப்பு என்று மூன்று வார்த்தைதான் வெளியே வந்தது. பக்கத்தில் நடந்த எனக்கே அவ்வளவுதான் கேட்டது.

"கொம்பு வெச்ச தலைக்குச் சீப்பு எதுக்குடா?" என்றான் நடுத்தெருவில் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்திருப்பார், தெரியவில்லை.

ராத்திரி அம்மா, "இந்தாய்யா, அது மூஞ்சிக்கு வர்ற கூட்டம். ஒனக்கு வர்ல" என்றாள். அப்பா, "மூஞ்சிக்குள்ள நான்தான இருக்கறேன்" என்றார்.

கடைசி நாள் சாயங்காலம் பெரிய தெரு. கரும்பு ஏற்றின டிராக்டர் டிப்பர் ஒன்று கோயில் பக்கம் நின்றிருந்தது. இளவட்டங்கள் பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"கொம்பா, பறந்து காட்டு. மொத்தத் தெருவும் ஒனக்குத்தான்."

அப்பா கையை ஆட்டி, பறக்க மாட்டான் என்று சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. நான் கத்தினேன், "கொம்பன் பறக்க மாட்டான், கொடைவான்." ஒருவன் என் தலையைத் தட்டி, "வூட்டுக்குப் போ பாப்பா" என்றான். பற, பற என்று ஒரே சத்தம். பெரியவர்களும் நின்று பார்த்தார்கள். கடையில் அப்பா தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டவரும் அங்கே இருந்தார். சும்மா இருங்கடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடங்கியிருப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு நின்றார்.

அப்பா டிப்பரின்மேல் ஏறினார். கரும்புக் கட்டின்மேல் நின்றார். ஒரு கையைப் பனியனில் இருப்பது போலவே நீட்டினார். குதித்தார்.

கொம்பு முதலில் தரையில் பட்டு மடங்கிப் பிய்ந்தது. பஞ்சு வெளியே வந்தது. இடது கணுக்கால் திரும்பிவிட்டது. கைதட்டினார்கள். அவ்வளவு கைதட்டலை அவர் வாழ்க்கையில் கேட்டிருக்க மாட்டார். என் தோளைப் பிடித்து எழுந்து, எல்லாத் திசைக்கும் கும்பிடு போட்டார். கும்பிடும்போது இடது காலைத் தரையில் ஊன்றாமல் நின்றதைப் பார்த்தவள் நான் மட்டும்தான்.

ஓட்டு எண்ணிக்கை அன்று பாகூருக்கு அவரே போனார், நொண்டிக்கொண்டு. நானும் அத்தை மகனும் கூடப் போனோம். எங்கள் சொந்தத்தில் மட்டும் பதின்மூன்று ஓட்டு உண்டு. அப்பாவுக்கு ஒன்பது என்று படித்தார்கள். சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து அத்தை மகன் உள்ளே போய் மறுபடி கேட்டு வந்தான். ஒன்பதுதான். எந்த நாலு பேர் போடவில்லை என்று அப்பா கடைசி வரைக்கும் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"நீ நல்லாத்தான்டி படிச்ச."

திட்டியிருந்தால் இத்தனை வருசம் எனக்கு வலித்திருக்காது.

சில நாளில் ஆட்கள் வாசலுக்கு வந்து சமாதானம் சொன்னார்கள். கொம்பு படம் போட்ட சின்னத்தைத் தேடினேன், இல்லை, அதனால் வேறு எதிலோ 'குத்திட்டேன்' என்றார்கள். சீப்பு என்று வீட்டுக்கு வீடு நோட்டீசு கொடுத்தது நான். எல்லாருக்கும் தெரியும். அப்பா, பரவால்லப்பா என்று சொல்லி அனுப்பினார்.

கொம்பு பிய்ந்த உடுப்பைக் கடையில் வாங்கிக்கொண்டு இனி வர வேண்டாம் என்றார்கள். அந்த வருசம் கணுக்கால் கட்டோடுதான் கரும்பு வெட்டினார். பெரிய தெருவில் மறுபடியும் டேய் என்று கூப்பிட்டார்கள். முன்பு பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். இப்போது 'டேய் கொம்பா' என்றார்கள். சாகிற வரைக்கும் அந்தப் பெயர்தான். எட்டாவதோடு நான் நின்றேன். யாரும் நிறுத்தவில்லை. புத்தகத்தைப் பிரிக்கப் பிடிக்கவில்லை.

இப்போது வில்லியனூர் பக்கம் ஒரு கம்பெனியில் பாட்டில் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பாகூரில் அந்த ரெடிமேட் கடை இல்லை, அங்கே செல்போன் விற்கிறார்கள். பனியனில் கொம்பன் இல்லை, வேறு முகங்கள் வந்துவிட்டன. அந்த இரண்டு புத்தகமும் எந்த மழையில் போயின என்று தெரியவில்லை. எங்கள் தெருவுக்கு லைன் வந்துவிட்டது. யாரோ ஒரு மெம்பர் காலத்தில் வந்தது, அவர் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் நினைவில்லை. கம்பெனியில் கூட வேலை பார்க்கிற பெண்கள் யாராவது ஒரு முகத்தைச் செல்போனில் காட்டி, இவரைத் தெரியாதவங்களே கெடையாதுக்கா, எல்லாருக்கும் புடிக்கும் என்பார்கள். தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு மூடியைப் பார்ப்பேன்.

போன வருசம் அப்பா இறந்தார். காரியத்துக்கு மூன்று தெருவிலிருந்தும் வந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சொன்னார்கள், அந்தத் தேர்தலில் தங்கள் ஓட்டு அப்பாவுக்குத்தான் என்று. அதன்பிறகு பஸ்ஸில், சந்தையில், கல்யாண வீட்டிலும் சொல்கிறார்கள். யாரையும் மறுத்துப் பேசவில்லை. எண்ணிக்கொண்டு மட்டும் வருகிறேன். இன்று வரைக்கும் நாற்பத்தாறு பேர்.